சந்தைக் குத்தகையும் தெருவிளக்கும்



மாதத்தில் ஒரு நாள், ஒரு சிறு பட்டினத்துச் சபை மண்டபத்தில் கூடுகின்ற அங்கத்தவர்கள் எவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள்? முதலிலே சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்படும். ஒருவர் பிரேரிக்க இன்னொருவர் ஆமோதிப்பார். அதன்பின், மீன் சந்தையின் கூரை ஒழுகுகின்றது என்பார் ஒருவர். மூன்றாம் வட்டாரத்து ஒழுங்கையில் மாரிகாலத்து வெள்ளம் முழங்காலளவு நிற்கின்றது என்பார் மற்றொருவர். கட்டாக்காலி மாடுகள் வாழைகளைத் தின்கின்றன. இறைச்சிக்கடைக் குத்தகைக்காரர் தவணைப் பணம் கட்டவில்லை. சந்தியிலுள்ள விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. இவ்வாறே செல்லும் அந்த நிகழ்ச்சி நிரல்.

அரசர்களின் படையெடுப்புகளைப் படித்தவர்களுக்கு இவை சரித்திரமாகத் தோன்றமாட்டா. எனினும் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் அரசாங்கத்தைச் சந்திப்பது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். மந்திரியை அவன் பத்திரிகையிற் காண்பான். சபைக் கந்தோர் எழுதுவினைஞரை முகத்துக்கு முகம் காண்பான். கந்தோர் என்ற சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றது. அவர்கள் விட்டுச் சென்ற சொற்களிலே கக்கூஸ் என்பதும் ஒன்று. இவ்விரு சொற்களுக்கும் இடையில் நடந்தேறிய காரியங்களே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட கதை.

இலங்கையின் பழைய கிராமங்களிலே குளத்து நீரைப் பங்கிடவும் வேலித் தகராறுகளைத் தீர்க்கவும் ஊர்ச் சபைகள் இருந்தன. சிங்களப் பகுதிகளில் அதனைக் கம்சபை என்றனர். ஆங்கிலேயர் 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தபோது, அந்த ஊழியத்தை ஏவி நடத்திய பழைய ஒழுங்குகளும் தளர்ந்து போயின. ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் குளக்கட்டைத் திருத்த இனி யார் வருவார் என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் விடை இருக்கவில்லை. 1848 ஆம் ஆண்டிலே ஒரு விடையைக் கண்டுபிடித்தார்கள். பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மக்கள் யாவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டுதல் வேண்டும் என்பது அந்தச் சட்டம். முன்வாசலால் வெளியேற்றிய கட்டாய ஊழியம் பின்வாசலால் உள்ளே வந்தது போலாயிற்று. அதே ஆண்டில் கண்டிப் பகுதியில் மூண்ட கலகத்துக்கு இந்த வரியும் ஒரு காரணமாயிற்று என்பது நீங்கள் அறிந்ததே.

தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல், நீர்ப்பாசன விடயத்தில் ஊரவரின் பழைய வழக்கங்களுக்குச் சட்டம் மீண்டும் இடமளித்தது. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகரசபைகளைத் தந்தது. 1871 இல் கிராமச் சங்கங்களுக்கும் கிராம நியாயசபைகளுக்கும் வழி பிறந்தது. இவ்வாறு பெருநகரத்துக்கும் கிராமத்துக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே இருந்த பட்டினங்கள் எங்கே போவது?

அந்தப் பட்டினங்கள் பெரும்பாலும் புதியவை. தெருவும் இருப்புப்பாதையும் போடப்பட்ட இடங்களில் அவை முளைத்தன. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்கி வந்த வழிகளில் வண்டிகள் இளைப்பாறும் இடமாகத் தொடங்கி, நாலு கடை, ஒரு சாராயத் தவறணை, ஒரு பொலிசு நிலையம் என்று வளர்ந்தவை பல. கடைகள் நெருங்கின, கிணறுகள் மலகூடங்களுக்கு அருகில் இருந்தன, வாந்திபேதி வந்தபோது அது கடைத்தெருவைச் சுற்றி வளைத்தது. தேசாதிபதி கிறெகறி காலத்தில், 1876 ஆம் ஆண்டில், சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகள் ஏற்படுத்தப்பட்டமைக்கு இந்த நோய்ப் பயம் முக்கிய காரணம். மக்கள் அதனை லோக்கல் போட் என்றே வழங்கினர். அதற்கும் சிறிய இடங்களுக்காக 1892 இல் சிறுபட்டினச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த சபையை நம்மவர் சனிற்றறி போட் என்றனர். நெல்லின்மீது விதிக்கப்பட்டிருந்த வரி நீக்கப்பட்டதும் அதே 1892 ஆம் ஆண்டிலேதான். வயலுக்காரன் வரியிலிருந்து விடுபட்ட ஆண்டில் கடைக்காரன் வரிக்குள் அகப்பட்டான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இச்சபைகளை மக்கள் சபைகள் என்று எண்ணிவிடக்கூடாது. அரசாங்க ஏசண்டரே தலைவர். லோக்கல் போட்டில் அங்கத்தவர்களில் ஒரு பாதியினரை வரியிறுக்கும் சொத்துடையோர் தெரிவு செய்தனர், மறுபாதியினர் உத்தியோகத்தர். சனிற்றறி போட்டிலோ தெரிவு என்ற பேச்சே இல்லை. ஏசண்டர், பொறியியலாளர், வைத்தியர், இவர்களோடு ஏசண்டருக்கு நம்பிக்கையான இரண்டொரு பிரமுகர்கள் ஆகியோர் கச்சேரியிலே கூடி, அநேக மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு கடைத்தெருவின் சாக்கடையைப் பற்றித் தீர்மானித்தார்கள். சாக்கடை நாறுவது கச்சேரிவரை எட்டுவதில்லை. ஏசண்டர் சுற்றுப் பிரயாணம் வரும் நாளில் மாத்திரம் தெரு கூட்டப்படும்.

ஆயினும் அவர்கள் தொடக்கி வைத்த காரியங்களையே இன்றும் நம் சபைகள் செய்து வருகின்றன. ஆகையால் அவற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

சந்தையை முதலிற் பார்ப்போம். சந்தையிலே வந்து கூடையை இறக்கும் ஒவ்வொருவரிடமும் காசு வாங்கச் சபைக்கு ஆட்கள் இல்லை. எனவே ஆண்டுக்கொரு முறை அந்த உரிமையை ஏலம் கூறினார்கள். கூடிய தொகைக்குக் கேட்டவர் குத்தகைக்காரர் ஆனார். சபைக்கு வேண்டியது முழுத்தொகை. குத்தகைக்காரருக்கு வேண்டியது அதற்குமேல் இலாபம். அந்த இலாபம் வரவேண்டிய இடம் கத்தரிக்காய்ச் சாக்கோடு விடியற்காலையில் வந்து நிற்கும் தோட்டக்காரனின் மடி. சாக்கொன்றுக்கு இவ்வளவு, வாழைக்குலைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சபை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடும். பலகையில் எழுதியதற்கும் வாசலில் வாங்கியதற்கும் இடையிலிருந்த வேறுபாடே ஊர்ச் சண்டைகளில் பாதிக்குக் காரணம். குத்தகைக்காரர் யாருடைய மைத்துனர் என்பது மற்றப் பாதிக்குக் காரணம். சுன்னாகம், சாவகச்சேரி முதலிய சந்தைகளுக்கு மரக்கறி கொண்டு சென்று வளர்ந்த குடும்பத்தவர்கள் என் சொல்லுக்குச் சாட்சியம் கூறுவர்.

ஏலத்துக்கு ஒரு சிறப்பும் உண்டு. ஒளிவு மறைவின்றி நாலுபேர் முன்னிலையில் நடப்பது அது. பிற்காலத்தில் மூடிய உறையில் கேள்விப்பத்திரம் கோரும் முறை வந்தபோது கண்ணியம் கூடியதென்று சிலர் மகிழ்ந்தனர். உறை திறக்கப்படுவதற்கு முன்னரே தொகை ஊருக்குத் தெரிந்துவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்தது விளக்கு. மின்சாரம் வருவதற்கு முன்னர், சந்திகளிலே கம்பத்தின்மேல் கண்ணாடிக் கூட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. மாலையில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். ஏறித் திரியை ஏற்றிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவார். எண்ணெய்க் கணக்கு சபையின் செலவேட்டில் மாதந்தோறும் வரும். மின்சாரம் வந்தபின் பல சபைகள் தாமே அதனை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு விநியோகித்தன. அது நல்ல வருவாய். ஆனால் மக்களிடம் வாங்கிய பணத்தை மொத்தமாக விற்றவருக்குக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்பிய சபைகளும் இருந்தன. 1983 ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிக் கம்பனி ஒன்று நிறுவப்பட்டு அந்தப் பொறுப்பை ஏற்கத் தொடங்கியதற்கு இந்தக் கடன்களும் ஒரு காரணம்.

சட்டத்திலே இன்னொரு சுவையான வாசகம் இருந்தது. அறிவித்தல்களைப் பறையறைந்து தெரியப்படுத்தல் வேண்டும் என்பது அது. வர்த்தமானிப் பத்திரிகையில் வந்தால் மாத்திரம் போதாது. எழுத வாசிக்கத் தெரியாதவனின் காதிலும் விழவேண்டும். நம்முடைய ஒலிபரப்புக்கு மூதாதை அந்தப் பறையென்றே நான் கருதுகிறேன்.

தெருவின் எல்லை எது என்பது மற்றொரு தீராத வழக்கு. வீட்டுக்காரன் முதலில் ஒரு கொட்டில் இறக்குவான். அடுத்த ஆண்டு அதற்குத் திண்ணை கட்டுவான். மூன்றாம் ஆண்டு திண்ணை சுவராகிவிடும். இதனாலே எழுந்த ஒரு பெரிய கலவரத்தைப் பிற்காலத்தில் பேரெழுத்தாளர் ஆன ஒருவர் எழுதி வைத்துள்ளார். லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1905 ஆம் ஆண்டு தொடக்கம் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த இளைஞர். ஒருநாள் ஏசண்டரோடு குதிரையேறிப் பெருந்தெருவில் சென்றபோது, ஒரு வீட்டுத் திண்ணை தெருவை மீறி நிற்பதைச் சவுக்கினாற் சுட்டிக் காட்டினாராம். அப்பொழுது வண்டியில் வந்த ஒரு பிரபல நியாயவாதி, அந்தச் சவுக்கு வேண்டுமென்றே தம் முகத்தில் வீசப்பட்டதென்று முறையிட்டார். தமிழ்ச் சங்கம் ஒன்று அரசாங்கத்துக்கு மனுச் செய்தது. தாம் அடிக்கவில்லை என்று வூல்ஃப், 1961 இல் வெளிவந்த தம் நினைவு நூலில் சொல்கிறார். அதனோடு அவர் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அந்த நியாயவாதி ஒருவிதத்தில் உண்மையையே கண்டார் என்றும், தாம் குதிரைமேல் இருந்து சவுக்கை நீட்டி அவர்களுடைய தெருவை அளந்ததே அவர்கள் முகத்தில் அறைந்தது போலாகும் என்பதை மெல்ல மெல்ல உணரலானதாகவும் கருத்துப்பட எழுதுகிறார்.

திண்ணை தெருவை மீறியது உண்மையாகவே இருக்கலாம். அதனை அளக்க வேண்டியவர் யார் என்பதே அன்று எழுந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை மெதுவாகவே வந்தது. 1920 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் நகர மாவட்ட சபைகளை உண்டாக்கி, தெரிவு செய்யப்பட்டோருக்குப் பெரும்பான்மை தந்தது. யாழ்ப்பாணத்திலே 1906 இல் அமைந்த லோக்கல் போட்டின் இடத்துக்கு 1921 இல் அத்தகைய சபை வந்தது. அது 1949 இல் மாநகரசபையாக உயர்ந்தது.

இந்த நகரசபைக் காலத்திலே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 1933 ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்துப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை கிடைத்தது. அங்கிருந்த நூல்கள் 844. 1935 ஆம் ஆண்டு பிறந்தபோது அந்த நூல்நிலையத்தை நகரசபை பொறுப்பேற்றது. சந்தைக் குத்தகையும் சோலைவரியும் கொண்டு சாக்கடை வெட்டிய சபை, அதே பணத்தில் புத்தகமும் வாங்கலாம் என்று துணிந்தது. நூல்நிலையம் நடத்துவது சபையின் கட்டாயக் கடமையன்று. விரும்பினால் செய்யலாம் என்ற வகையைச் சேர்ந்த வேலை. அந்த விருப்பம் ஒவ்வோராண்டும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டு, ஒவ்வோராண்டும் கை உயர்த்தி நிறைவேற்றப்பட வேண்டும். கால் நூற்றாண்டு காலம் அவ்வாறு கைகள் உயர்ந்தன. களியாட்ட விழாக்கள் நடத்தியும் பொதுமக்களிடம் கேட்டும் பணம் திரட்டினார்கள். நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 ஒக்டோபரில் வெண்ணிறப் புதிய கட்டடம் திறந்து வைக்கப்பட்டது.

இனி ஆட்சி முறைக்குத் திரும்புவோம். 1931 இல் டொனமூர் அரசியற் றிட்டம் வந்தது. சர்வசன வாக்குரிமையும் வந்தது. 1936 தொடக்கம் 1947 வரை உள்ளூராட்சி மந்திரியாக இருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, கொழும்பு மாநகரசபையிலே அரசியல் பழகியவர். 1939 ஆம் ஆண்டின் நகரசபைச் சட்டம், 1946 ஆம் ஆண்டின் பட்டினசபைச் சட்டம், 1947 ஆம் ஆண்டின் மாநகரசபைச் சட்டம் ஆகியவை அக்காலத்தில் இயற்றப்பட்டவை. சனிற்றறி போட்டுகள் மறைந்து பட்டினசபைகள் தோன்றின. ஏசண்டர் எழுந்து போன நாற்காலியில் ஊரவர் ஒருவர் அக்கிராசனராக அமர்ந்தார்.

1945 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உள்ளூராட்சிச் சேவைச் சட்டத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்கு முன்னர் செயலாளரையும் எழுதுவினைஞரையும் சபையே நியமித்தது. தேர்தல் முடிந்ததும் புதிய அக்கிராசனரின் உறவினருக்கு இடம் வேண்டும், பழையவர் போகவேண்டும். அந்தச் சட்டம் உத்தியோகத்தரை ஓர் ஆணைக்குழுவின்கீழ் கொண்டு வந்து, இடமாற்றத்துக்கும் உட்படுத்தியது. என் மதிப்பில், மண்டபத்தில் நடந்த எத்தனையோ சொற்போர்களைவிட இந்த ஒரு ஏற்பாடே கணக்கேடுகளை ஒழுங்காக வைத்தது. அக்கிராசனர் கையொப்பமிடும்படி நீட்டிய காசோலையைப் பார்த்து, "ஐயா, இதற்குச் சபையின் தீர்மானம் இல்லை" என்று பணிவோடு சொல்லிய செயலாளர்கள் இருந்தனர். இடமாற்றம் வருமென்று தெரிந்தும் சொன்னார்கள்.

வருமானத்தின் நடுத்தூண் சோலைவரி. சட்டத்திலே அதன் பெயர் ஆதனவரி. ஒரு வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு என்ன பெறும் என்று மதித்து, அதில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை விதிக்கும். காலாண்டு தோறும் கட்டலாம். முழுத் தொகையையும் சனவரி முடிவதற்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. மதிப்பீட்டுப் பட்டியல் கந்தோரில் வைக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர் எழுதிக் கொடுக்கலாம். புதிய மதிப்பீடு வந்த ஆண்டிலே சபைக் கந்தோரின் விறாந்தை நிறைந்துவிடும்.

சிறுவயதில் தந்தையார் என்னிடம் பணத்தைக் கொடுத்து வரி கட்டி வர அனுப்புவார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிழவி நின்றது நினைவிருக்கிறது. ஒற்றையறை மண்வீடு அவருடையது. கறுப்புச் சேலை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைத்தார். பற்றுச்சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினார். அது வரிச்சீட்டு அன்று. அந்த நிலம் தன்னுடையது என்பதற்குத் தன் பெயரில் அரசாங்கம் தந்த ஒரேயொரு காகிதம் என்பதைப் பல காலம் கழித்தே நான் விளங்கிக்கொண்டேன். அதே ஊரில் மாடிவீடு வைத்திருந்த ஒருவரின் நிலுவை பல ஆண்டுகளாகக் குவிந்திருந்ததும் ஊரறிந்த செய்தி. பிடியாணை எழுதி அசையும் பொருள்களைக் கைப்பற்றச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அடுத்த தேர்தலிலே வாக்குக் கேட்டுச் செல்லவேண்டிய வீட்டின் அலுமாரியைத் தூக்கி வர எந்த அக்கிராசனருக்கு மனம் வரும்?

இங்கேதான் ஊர்ச்சபைகளின் பலமும் பலவீனமும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஏசண்டர் யாருக்கும் பயப்படாமல் வரி வசூலித்தார். யாரையும் கேளாமல் செலவழித்தார். அக்கிராசனரை வீதியில் மறித்துக் கேள்வி கேட்கலாம்; ஆகையால் அவர் கேட்பாரற்ற ஒழுங்கையைக் கடைசியில் வைப்பார். 1955 இல் அறிக்கை சமர்ப்பித்த சொக்சி ஆணைக்குழுவும் உள்ளூராட்சியின் இத்தகைய குறைகளை ஆராய்ந்தது. சபை முறைகேடாக நடந்தால் அதனைக் கலைத்து விசேட ஆணையாளரை நியமிக்க மந்திரிக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் முறைகேட்டுக்காக மாத்திரம் பயன்படுத்தப்பட்டது என்று சொல்வதற்கில்லை.

கேள்வி கேட்க முடிந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். கேட்க முடியாதவர்களும் பட்டினத்திலே இருந்தார்கள். விடியுமுன் எழுந்து வாளி மலகூடங்களைத் துப்புரவு செய்து, வண்டியிலே ஊருக்கு வெளியே கொண்டு சென்று புதைத்தவர்கள் யார்? நம் நாட்டின் பல பட்டினங்களில் அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் வழிவந்தோர். சபைக்குச் சொந்தமான வரிசை அறைகளில் குடியிருந்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது இவர்களிற் பலரும் அதில் அகப்பட்டனர். பட்டினத்தின் ஒவ்வொரு கொல்லைப்புறத்தையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பட்டினத்தின் சபையிலே வாக்கு இல்லை. ஒருநாள் அவர்கள் வேலைக்கு வராவிட்டால் ஊர் என்னவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பள உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள்களில் மாத்திரமே அது நினைவுக்கு வந்தது.

மலைநாட்டிலே இந்த விலக்கு இன்னும் அகலமானது. 1938 ஆம் ஆண்டளவில் கிராமச் சங்கங்களுக்கு வாக்குரிமையை விரித்தபோது, தோட்டங்களில் வசிக்கும் தொழிலாளர் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். ஹற்றன், தலவாக்கலை போன்ற பட்டினங்களில் நின்று பார்த்தால் இதன் பொருள் கண்ணுக்குத் தெரியும். கடைத்தெரு முடியும் இடத்தில் தேயிலை தொடங்குகின்றது. கடைத்தெருவில் சபையின் விளக்கும் சபையின் குழாய்நீரும் உண்டு. தேயிலைக்கு நடுவே செல்லும் பாதை தோட்டத்துக்குரியது. அப்பாதையாலே சந்தைக்கு இறங்கி வந்து காசு செலவழிப்பவர்களால்தான் அந்தக் கடைத்தெருவே வாழ்ந்தது.

பட்டினசபைகளின் காலம் மூன்றரைத் தசாப்தத்தோடு முடிந்தது. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின்படி எண்பதுக்கு மேற்பட்ட பட்டினசபைகளும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராமசபைகளும் நீக்கப்பட்டு, அவற்றின் அலுவல்கள் மாவட்ட சபைகளிடம் சென்றன. சுன்னாகத்துச் சந்தைக் கூரையைப் பற்றிப் பேச இனி மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டும். கச்சேரியில் கூடிய பழைய சனிற்றறி போட் வேறு பெயரில் திரும்பி வந்தது போன்றிருந்தது. அந்த மாவட்ட சபைகளுக்கான தேர்தல் 1981 யூன் 4 ஆம் திகதி நடந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன், மே முடிந்து யூன் பிறந்த இரவிலே, யாழ்ப்பாண நூல்நிலையம் தீயிட்டு எரிக்கப்பட்டது. 844 நூல்களோடு தொடங்கிய அந்நிலையத்தில் அப்பொழுது ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. ஆண்டுதோறும் உயர்ந்த கைகள் வாங்கி அடுக்கியவை அவை.

மாவட்ட சபை முறை நிலைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. 1988 இல் அவை நடைமுறைக்கு வந்தன. பழைய சிறுபட்டினங்கள் பல அவற்றுள் அடங்கின. சுன்னாகம் இன்று வலிகாமம் தெற்குப் பிரதேச சபையிலும், மானிப்பாய் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையிலும் உள்ளன. சந்தை பழைய இடத்திலேயே இருக்கின்றது. குத்தகைத் தகராறும் இருக்கின்றது. 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலிலே வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த புதிய ஏற்பாடு கைக்கொள்ளப்பட்டு, பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு இடமும் ஒதுக்கப்பட்டது. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபோது, அதே மாதத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல் நடைபெறவில்லை. 2025 மே 6 ஆம் திகதி வாக்களிப்பு நடக்கும்வரை ஈராண்டுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். குப்பை வண்டி ஓடியது. வரிப் பற்றுச்சீட்டும் எழுதப்பட்டது. மாதக் கூட்டம் மாத்திரம் இல்லை.

பிரதேச சபைச் சட்டத்திலே 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட அது இடந்தரவில்லை என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்தது. இதற்குள் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றுவிட்டனர். எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. அவர்கள் வாக்களித்தார்கள், அவர்களுள்ளிருந்தே அங்கத்தவரும் தவிசாளரும் வந்தார்கள். அந்தத் தவிசாளர் தாம் பிறந்த லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு வண்டி கல் போட விரும்பினாலும் கணக்காய்வாளர் ஆட்சேபிப்பார். தனியார் நிலத்திலே பொதுப்பணம் செலவிடப்பட்டது என்று குறிப்பு எழுதப்படும். வாக்குக் கொடுத்த பின்னும் முப்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2018 ஆம் ஆண்டிலே நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரிய பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33 ஆம் பிரிவை மாற்றியது. அதன்பின்னரே நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் அக்கரப்பத்தனையிலும் கூடிய சபைகள், லயத்துப் பாதையையும் லயத்து விளக்கையும் தங்கள் நிகழ்ச்சி நிரலிலே, சந்தைக் கூரைக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் அடுத்த இலக்கமாக, எழுதிக்கொள்ள முடிந்தது.